ஏழாவது கொம்பு

இரண்டு மணிச் சங்கு ஊதி ஓய்ந்தது. பக்கத்து மில்லில் இப்போது நூல் நூற்பதில்லை. சங்கை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. சோல்வே காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“ஏழு கேக்குது,” என்றாள்.

“ஆமாங்க்கா, ஏழு கொம்பு,” என்றாள் வேனில். “கடைசிக் கொம்பு அடியில அமுங்கிக் கெடந்துச்சு. நம்ம மிஷினு செவி அதை மேல எடுத்துட்டு வந்துருச்சு.”

“ஆறுதான் கேக்கணும்.”

வேனில் திரையைப் பார்த்தாள். ஏழு கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடின. எல்லாம் ஒரே பச்சை.

அந்த ஒலிக்கூடம் பீளமேட்டில் ஒரு சந்துக்குள் இருந்தது. முதலாளி கார்வேந்தனின் அப்பா காலத்தில் அங்கே மோட்டார் பம்பு வார்த்தார்கள். இப்போது இசைத்தட்டு வருவதற்கு முன் உலகம் முழுக்கப் பாட்டைப் பதிந்துவைத்த பழைய மெழுகு உருளைகள் அங்கே வந்தன. உருளைகள் வருவதில்லை, அவற்றின் பள்ளங்களை நுணுகிப் படம்பிடித்த கோப்புகள் வரும். செவி என்ற நிரல் அந்தப் பள்ளங்களைப் படித்து ஒலியாக்கும். இரைச்சலைத் துடைப்பதை எல்லா நிரல்களும் செய்யும். செவி அதற்கு மேலே போகும். ஒலி பிறந்த இடத்தையே கட்டி எழுப்பும். பாடியவர் எங்கே நின்றார், தரை மண்ணா பலகையா, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்று சொல்லும். மெழுகு தேய்ந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று கணித்து அதையும் நிரப்பிவிடும். கேட்பவருக்கு ஒட்டு தெரியாது.

இந்த வருடம் முழுக்க வேனிலுக்கு ஆப்பிரிக்க வேலை. பாண்டு மொழிகள் பேசும் நாடுகளில் நூறு, நூற்றிருபது வருடங்களுக்கு முன் வெள்ளைக்காரர்கள் பதிந்து எடுத்துப்போன பாட்டுகள். ஐரோப்பாவில் ஓர் அறக்கட்டளை அவற்றைச் செப்பனிட்டு உரியவர்களுக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. சோல்வே அப்படிப்பட்ட உரியவர்களில் ஒருத்தி. ஜாம்பியாவில் முசோந்தே பள்ளத்தாக்கைச் சேர்ந்தவள். கோவையில் நான்கு வருடம் நர்சிங் படித்தவள். கோப்பை அனுப்பிவைக்கிறோம் என்றதற்கு, வேண்டாம், நேரில் வந்து கேட்கிறேன் என்று எழுதியிருந்தாள். தமிழில் எழுதியிருந்தாள்.

கார்வேந்தன் வாசலில் வந்து நின்றார். கையில் பாதி உரித்த வாழைப்பழம்.

“என்னங்க சோல்வே, ஒண்ணு எச்சா இருக்குதுன்னு கொறை சொல்றீங்களாட்ட இருக்குது. கடைக்காரன் கொசுறு போட்டா யாராச்சும் திருப்பிக் குடுப்பாங்களா?”

“என்ன கொசுறுன்னு பாத்துட்டுத்தான் பையில போடுவேங்ணா.”

“நல்லாத்தான் பேசறீங்க தமிழு.”

“ஹாஸ்டல் வார்டன் திட்டித் திட்டிக் கத்துக்கிட்டது. நாலு வருசத் திட்டு.”

அவர் சிரித்தார். சோல்வே சிரிக்கவில்லை. நாற்காலியை வேனில் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“எங்க ஊர்ல ஆளுக்கு ஒரு கொம்பு. மான் கொம்பு. ஒரு கொம்புக்கு ஒரே சத்தம்தான். ஒருத்தர் தனியா ஊதுனா அது பாட்டில்ல, வெறும் சத்தம். ஏழு பேரும் மாத்தி மாத்தி ஊதுனாத்தான் பாட்டு. தெரியுமில்ல?”

“தெரியுங்க்கா. பதிஞ்சவரு குறிப்புலயும் அப்படித்தான் இருக்குது. கொண்டாட்ட இசை, கொம்புகள் ஏழு. அதனாலதான் செவிகிட்ட ஏழு தேடச் சொன்னோம்.”

“ஏழு தேடச் சொன்னீங்க. ஏழு கெடச்சுது.”

வேனில் குறிப்பை மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

“அது கொண்டாட்டமில்ல வேனில். எழவு. கொம்புக்காரர் ஒருத்தர் செத்துட்டா அவரு கொம்ப அவரு நெஞ்சுமேல வெச்சிருவாங்க. பொணம் பக்கத்துலயே கெடக்கும். மத்த ஆறு பேரும் சுத்தி நின்னு ஊதுவாங்க. அவரு முறை வர்றப்ப ஊதாம விட்டுட்டு, அப்பறம் தொடருவாங்க. அந்த வெள்ளைக்காரர் கொம்பை எண்ணியிருக்காரு. ஊதுற ஆளை எண்ணல.”

“அப்ப ஏழாவது கொம்பு?”

“மறுநா விடியறப்ப வாரிசு எடுத்து ஊதணும். ஊதிட்டு, விடிஞ்சுதுன்னு சொல்லணும். அதோட துக்கம் முடிஞ்சுது. அப்பறம் கல்யாணம், அறுவடை, எல்லாத்துக்கும் ஏழு கொம்பும் ஊதலாம்.” சோல்வே விரல்களை மடக்கிப் பார்த்துக்கொண்டாள். “இந்த எழவுக்கு மறுநா விடியறதுக்குள்ள லாரி வந்துருச்சு. பள்ளத்தாக்கு மண்ணு வெள்ளைக்காரங்க பண்ணைக்கு வேணும்னு அரசாங்கம் எங்க ஆளுங்கள ஏத்தி மேட்டுல கொண்டுபோயிக் கொட்டிருச்சு. பொணத்த அவசர அவசரமாப் பொதைச்சாங்களாம். அந்த அவசரத்துல கொம்பும் குழிக்குள்ள போயிருச்சாம். வாரிசு ஊதவே இல்ல.”

“வேற கொம்பு சீவியிருக்கலாமில்ல?” என்றார் கார்வேந்தன். பழத்தைத் தின்ன மறந்திருந்தார்.

“எந்தச் சத்தத்துக்குச் சீவறதுங்ணா? அவரு கொம்போட சுருதி அவரு ஊட்டு ஆளுங்களுக்குத்தான் தெரியும். லாரியில ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்க. அன்னையிலிருந்து எங்க ஊர்ல துக்கம் முடியல. எழவுக்கு ஆறு கொம்பு ஊதும். கல்யாணத்துக்குக் கொம்பே கெடையாது. எங்கம்மா கல்யாணம் ரேடியோ வெச்சு நடந்துச்சு.”

“உங்க கல்யாணம்?”

“அடுத்த மாசம். அவரு லுசாக்காவுல ஹாலு பிடிச்சு, டிஜே வெச்சுக்கலாம்கறாரு. நல்ல மனுசன். காதுதான் சரியில்ல.” அவள் குரல் தாழ்ந்தது. “கொம்புக்காரங்களுக்கு இப்ப எங்க தாய்மாமன்தான் தலை. மெழுகுல இந்தப் பாட்டு இருக்குதுன்னு தெரிஞ்சதும் அவருகிட்டப் போயி நின்னேன். ஏழாவது சத்தம் அதுல நெசமாவே இருந்தாக் கொண்டா, கொம்பு சீவறேன், உன் கல்யாணத்துக்கே ஊதறோம்னாரு. மிஷினு இட்டுக்கட்டுனதக் கொண்டு வந்தா மூஞ்சியில முழிக்காதேன்னாரு. அதான் வந்தேன். நேர்ல ஒரே ஒரு கேள்வி கேக்கணும்.”

வேனிலுக்கு அந்தக் கேள்வி முன்பே தெரிந்துவிட்டது.

“இந்த ஏழாவது சத்தம் மெழுகுல இருந்துச்சா, மிஷினு போட்டதா?”

முன்பெல்லாம் செவி கேட்டதைப் பச்சையிலும் நிரப்பியதை மஞ்சளிலும் காட்டும். வாடிக்கையாளர்களுக்கு மஞ்சள் பிடிக்கவில்லை. பாட்டைக் கேட்காமல் மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன் கார்வேந்தன் அதை எடுத்துவிடச் சொன்னார்.

“பாத்துச் சொல்றேங்க்கா,” என்றாள் வேனில்.

கார்வேந்தன் அவளைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார். குரலை இறக்கினார்.

“இருந்துச்சுன்னு சொல்லிரு அம்முணி.”

“இன்னும் பாக்கவே இல்லைங்ணா.”

“பாத்து என்ன ஆகப்போகுது? செவி கணக்கு தப்பாது. ஆறு சத்தம் தெரிஞ்சா ஏழாவது எங்க நிக்கும்னு அதுக்குத் தெரியும். அந்தப் புள்ளை கல்யாணம் நடக்கும். ஊரே துக்கத்த விட்டுட்டு ஆடும். யாருக்கு நட்டம்?”

“அவங்க ஊதப்போறது நம்ம கம்ப்யூட்டர் சத்தமா இருக்கும்.”

“கேக்க நல்லாத்தான இருந்துச்சு.”

“நல்லாத்தானுங்ணா இருந்துச்சு. அதுதான் பயமா இருக்குது.”

கார்வேந்தன் பழத்தோலை மடித்தார். எங்கே போடுவதென்று பார்த்தார்.

“இது நாங்க போட்டதுன்னு இன்னிக்கு வாய் விட்டோம்னு வெய்யி. இதுவரைக்கும் குடுத்ததுல எது கேட்டது, எது போட்டதுன்னு அத்தனை ஊர்லயும் கேப்பாங்க. பதில் இருக்குதா நம்மகிட்ட?”

“தேடுனா இருக்கும்.”

“தேடி முடிக்கறதுக்குள்ள இங்க மறுபடி பம்புதான் வாக்கோணும்.” அவர் போய்விட்டார்.

வேனில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். செவியின் நிரப்பும் வேலையை நிறுத்தினாள். பாட்டை வெறும் மெழுகிலிருந்து ஓடவிட்டாள். மழை தகரத்தில் விழுவதுபோல இரைச்சல். அதற்குள் ஆறு கொம்புகள். ஒன்று விட்டதும் அடுத்தது பிடித்தது. ஏழாவது முறை வந்தபோது இடைவெளி. அந்த இடைவெளிக்குள் அவள் இறங்கினாள். பெருக்கினாள். இன்னும் பெருக்கினாள். அங்கே ஒன்றுமில்லை. அடுத்த இடைவெளியிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. இருக்க வேண்டும் என்று அவளுக்கே ஆசையாக இருந்தது. ஆசைப்பட்டால் இரைச்சலுக்குள் எதுவும் கேட்கும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

திரும்பி வந்து சொன்னாள்.

“மிஷினு போட்டதுங்க்கா.”

சோல்வே தலையாட்டினாள். அழவில்லை. மேசைமேலிருந்த ஹெட்போனை அதன் டப்பாவில் வைத்து மூடினாள்.

“ரொம்ப நல்லாருந்துச்சு. அப்பவே சந்தேகம் வந்துச்சு,” என்றாள். பிறகு, “இங்க டீ கெடைக்குமா?”

சந்து முனையில் கடை. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கடைக்காரர் சோல்வேயைப் பார்த்து இங்கிலீஷ் தேடினார். “சக்கரை கம்மியா, லைட்டா,” என்றாள் அவள். அவர் நிம்மதியாகப் பால் ஊற்றினார். இரண்டு கீரை போண்டாவைத் தாளில் வைத்து நீட்டினார்.

“மாமாகிட்ட என்ன சொல்லுவீங்க?” என்றாள் வேனில்.

“டிஜே நல்லா வாசிப்பான்னு சொல்லுவேன்.” போண்டாவைப் பிட்டாள். “நீ பொய் சொல்லியிருந்தா நான் நம்பிக் கொண்டுபோயிருப்பேன் தெரியுமா? ஊரே அதுக்கு ஆடியிருக்கும். சொல்லாம இருந்ததுக்கு… இல்ல, சொன்னதுக்கு…” தமிழ் அகப்படாமல் கையை விட்டாள். “விடு. சாப்பிடு.”

ஒரு பேருந்து சந்து முனையில் நின்று ஆள் ஏற்றியது.

“நெஞ்சுமேல கொம்ப எப்படி வெப்பாங்க?” என்றாள் வேனில். பேச்சை மாற்றத்தான் கேட்டாள்.

“படுக்க வெப்பாங்க. வாயி ஊதறவங்களப் பாத்து இருக்கும். அவரும் கேக்கணுமில்ல.”

“கொம்பு கேக்கும்கறீங்களா?”

“எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவாங்க. எழவு அன்னிக்குத் தொட்டுப் பாத்தா கொம்பு நடுங்குமாம். செத்தவரு கேக்கறாருன்னு அர்த்தம்.”

வேனில் தம்ளரைக் கீழே வைத்தாள்.

“அக்கா, எங்க ஊட்ல மிக்ஸி ஓடுனா அலமாரியில ஒரே ஒரு எவர்சில்வர் தம்ளர் மட்டும் கிர்ருனு பாடும். மத்ததெல்லாம் சும்மா நிக்கும்.”

“சரி?”

“அதோட சத்தமும் மிக்ஸி சத்தமும் ஒத்துப்போகுது. அதனால யாரும் தொடாமயே அது பாடும். நான் தப்பான எடத்துல தேடிட்டேன். அவரு முறை வர்றப்ப எல்லாரும் சும்மா இருப்பாங்க. அப்ப அந்தக் கொம்பை எதுவும் எழுப்பாது. மத்தவங்க ஊதறப்பத்தான் அது நடுங்கியிருக்கும்.”

சோல்வே காசைக் கடைக்காரர் முன் வைத்துவிட்டு முன்னால் நடந்தாள்.

இடைவெளிகளை விட்டுவிட்டு வேனில் கொம்புகளின் அடியில் தேடினாள். முதல் கொம்பின் அடியில் ஒன்றுமில்லை. இரண்டு, மூன்று, நான்கிலும் இல்லை. ஐந்தாவது கொம்பு ஓய்ந்த இடத்தில் ஒரு மெல்லிய வால் இருந்தது. ஐந்தாவதின் சத்தம் நின்ற பிறகும் அது ஒரு கணம் நின்றது. ஐந்தாவதோடு ஒத்துப்போகும், ஆனால் வேறு சுருதி. அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் அதே வால். நிரப்பும் வேலை நிறுத்தியே இருந்தது.

அவள் அதைப் பெருக்கி, சோல்வே கேட்க ஒலிபெருக்கியில் போட்டாள்.

ஈ பறப்பதுபோல ஒரு முனகல். செவி போட்ட ஏழாவது சத்தத்தைவிடக் கொஞ்சம் தாழ்வு.

“சுருதி சேரலையே,” என்றார் கார்வேந்தன். அவர் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை.

“உங்க காதுக்குச் சேரலைங்ணா,” என்றாள் சோல்வே. கண்ணை மூடியிருந்தாள். “என் காதுக்கும் தெரியல. நான்தான் அதைக் கேட்டதே இல்லையே.”

“இது கொம்புதானா, மெழுகுல கீறலான்னு இன்னும் உறுதியாச் சொல்ல முடியாது,” என்றாள் வேனில். “சுத்து கொஞ்சமாத்தான் இருக்குது. இன்னும் ரெண்டு சுத்து கெடச்சா சொல்லலாம்.”

அப்போதுதான், பாட்டு முடிந்ததும் வெட்டிப் போடும் உருளை முனையின் ஞாபகம் அவளுக்கு வந்தது. பதிந்தவர் தன் மொழியில் “போதும்” என்று சொல்லும் இடத்தோடு எல்லா உருளைகளையும் நிறுத்திக்கொள்வது கூடத்தின் வழக்கம். அதற்குப் பிறகு ஊசி தூக்கும் சத்தம்தான் இருக்கும். யாரும் அதைக் கேட்டதில்லை. அவள் வெட்டாத கோப்பைத் திறந்தாள்.

உருளையின் தொடக்கத்தில் பதிந்தவர் இடத்தையும் நேரத்தையும் சொன்னார். மதியம் மூன்று மணி. பிறகு கொம்புகள். பிறகு “போதும்.” ஆறு கொம்புகளும் ஒவ்வொன்றாக நின்றன. ஊசி தூக்கும் சத்தம் வரவில்லை. அவர் மறந்திருக்க வேண்டும், அல்லது எதையோ பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். மெழுகு சும்மா சுற்றியது. யாரோ நடந்தார்கள். வெறுங்கால், மண் தரை.

பிறகு ஒரு கொம்பு ஊதியது.

முனகல் அல்ல. முழு மூச்சு. அடித்தொண்டையிலிருந்து எழுந்து அறையை நிறைத்தது. கார்வேந்தன் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். கொம்பு நின்றதும் ஒரு குரல் ஒரே ஒரு சொல்லைச் சொன்னது. பெண் குரல்.

அதன்பிறகு ஒன்றுமில்லை. ஆறு ஆண்கள் நின்ற இடத்தில் ஒரு மூச்சுகூட இல்லை. ஊசி தூக்கப்பட்டது.

வேனில் முனகலின் கோட்டை எடுத்து இந்தக் கொம்பின் கோட்டின்மேல் வைத்தாள். இரண்டும் ஒன்றாயின.

“இது அதே கொம்பு,” என்றாள். “இது கேட்டதுங்க்கா. யாரும் போட்டதில்ல.”

சோல்வே திரையைப் பார்க்கவில்லை.

“என்ன சொல்லுச்சு அந்தப் பொம்பளை?” என்று கேட்டார் கார்வேந்தன்.

“விடிஞ்சுதுன்னு.”

“மதியம் மூணு மணிக்கா?”

“லாரி வர்றது தெரிஞ்சிருக்கும். விடியற வரைக்கும் அங்க யாரு இருக்கப்போறா?” சோல்வே எழுந்து ஜன்னல்வரை போனாள். திரும்பி வந்தாள். “பொம்பளைங்க அந்தக் கொம்பைத் தொடவே கூடாதுங்ணா. இன்னிக்கும் தொட முடியாது. அவ அவரு பொண்டாட்டியா, மகளான்னு தெரியல. பொணத்துமேல இருந்து எடுத்து ஊதியிருக்கா. ஊதி, சொல்ல வேண்டியதையும் சொல்லிட்டா.”

“அப்ப துக்கம்…” என்றாள் வேனில்.

“அன்னிக்கே முடிஞ்சு போச்சு.”

சோல்வே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அங்க நின்னவங்க எல்லாரும் கேட்டிருக்காங்க,” என்றாள் சோல்வே மெதுவாக. “பக்கத்துலதான நின்னாங்க. கேட்டுட்டு, கேக்கலைன்னு வெச்சுக்கிட்டாங்க. அவசரத்துல கொம்பு குழிக்குள்ள போயிருச்சுன்னு எங்களுக்குச் சொன்னது பொய்யி. ஒரு பொம்பளை வாய் வெச்ச கொம்புன்னு வேணும்னே பொதைச்சிருக்காங்க. அவ ஊதுனத ஒத்துக்கறதுக்கு, நாங்க அத்தனை பேரும் நூறு வருசம் துக்கத்துல இருந்தா பரவாயில்லைன்னு நெனச்சிருக்காங்க.”

அவள் சிரிக்கத் தொடங்கினாள். முதலில் வாய்க்குள், பிறகு சத்தமாக. வேனிலுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. ஏன் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

கார்வேந்தன் மூக்கை உறிஞ்சினார்.

“அம்முணி.”

“சொல்லுங்ணா.”

“அந்த மஞ்சக் கலரை மறுபடி போட்டுரு. கேட்டது ஒரு கலரு, போட்டது ஒரு கலரு. முன்னாடி குடுத்ததுக்கெல்லாம் சேத்தி.”

“எல்லா ஊர்லயும் கேப்பாங்க.”

“கேக்கட்டும். அவங்கவங்களுக்கும் வெட்டி எறிஞ்ச வாலு ஒண்ணு கெடக்குமில்ல, அதையும் தேடிக் குடு.”

“நம்ம பட்டறை?”

“பம்புக்கு எப்பவும் கிராக்கிதான்,” என்றார் அவர்.

சோல்வே போனை எடுத்து ஊருக்கு அழைத்தாள். படம் தெளிய நேரமானது. நரைத்த தாடி, பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி, வெயில். மாமா பெரிய குரலில் ஏதோ கேட்டார். அவள் போனை ஒலிபெருக்கியின் அருகில் கொண்டுபோய்ப் பிடித்து, வேனிலைப் பார்த்துத் தலையசைத்தாள்.

வேனில் முனையை ஓடவிட்டாள். காலடி. கொம்பு. குரல்.

மாமா தாடியைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது. அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார், அங்கே யாராவது கேட்டுவிட்டார்களா என்பதுபோல. இரண்டு பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். கேட்டுவிட்டார்கள். ஒருத்தி குடத்தைத் தரையில் இறக்கினாள்.

மாமா மெதுவாக ஒரு வாக்கியம் சொன்னார்.

“சத்தம் அதுதான்கறாரு,” என்றாள் சோல்வே வேனிலிடம். “இவரு தாத்தா சாகறப்ப அதைத்தான் முனகிட்டே கெடந்தாராம். என்ன பாட்டுன்னு யாருக்கும் புரியலயாம். ஆனா ஊதுன ஆளு சரியில்லையாம். அது கணக்குல வராதாம்.”

அவள் போனை முகத்துக்கு நேரே உயர்த்தினாள். தன் மொழியில் ஒரு கேள்வி கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. குடத்தை இறக்கிய பெண் நெருங்கி வந்து மாமாவின் தோளுக்குப் பின்னால் நின்றாள். மாமா வாயைத் திறந்தார்.

சோல்வே கண்ணை எடுக்காமல், கேட்டதையே தமிழிலும் ஒருமுறை சொன்னாள்.

“ஊதுனது பொம்பளைன்னா பொழுது விடியாதுங்களா மாமா?”